25 வயதுக் கோடும் தாமதமாகக் கல்லூரிக்கு வருபவர்களும்

கோத்தகிரிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் 2001ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 2018இல் பிளஸ் டூ முடித்தார். அரை ஏக்கர் தேயிலையை நம்பியிருந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளை ஒரே சமயத்தில் கல்லூரிக்கு அனுப்ப வழியில்லை. தம்பி படிக்கட்டும் என்று இவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். தம்பி படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த பிறகு, 2025இல், உதகையில் உள்ள ஒரு கல்லூரியில் பி.ஏ. முதலாம் ஆண்டில் சேர்ந்தார். பள்ளியில் 1,500 மீட்டர் ஓடியவர். ஏழு ஆண்டுகள் ஓடவே இல்லை. இப்போது மறுபடியும் காலையில் மைதானத்துக்கு வருகிறார்.

இவர் தனி ஒருவர் அல்லர், பலரைச் சேர்த்து நான் போட்டுக்கொண்ட ஒரு கணக்கு. ஆனால் நீலகிரியிலோ பழனி மலையிலோ கல்லூரிகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கில் வியப்பு எதுவும் இருக்காது. இவருக்குப் பல்கலைக்கழக அணியில் ஓட எத்தனை ஆண்டு கிடைக்கும்? ஒன்றே ஒன்று. 2025 ஜூலை 1 அன்று வயது 24, ஓடலாம். 2026 ஜூலை 1 அன்று 25 ஆகிவிட்டது, ஓட முடியாது. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் 18 வயதுத் தோழிக்கோ இளங்கலை மூன்று ஆண்டும், முதுகலைக்குப் போனால் மேலும் இரண்டு ஆண்டும் உண்டு.

இந்தக் கோட்டைப் போட்டிருப்பது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925இல் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வாரியமாகத் தொடங்கிய இந்த அமைப்புதான் மண்டல அளவிலும் அகில இந்திய அளவிலும் பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்துகிறது. அதன் தகுதி விதிப்படி, போட்டியிடுபவர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். அந்தக் கல்வியாண்டின் ஜூலை 1ஆம் தேதி 17 வயதைத் தாண்டியவராகவும் 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவராகவும் இருக்க வேண்டும். 2020இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கு அணிகள் வருவதும் இந்தப் போட்டிகளின் வழியாகத்தான். தமிழ்நாட்டு முதலமைச்சர் கோப்பையிலும் கல்லூரிப் பிரிவுக்கு 17 முதல் 25 வரை என்பதே வரம்பு. அதே கோப்பையின் பொதுப்பிரிவில் 35 வயது வரை விளையாடலாம் என்பதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

வயது வரம்பே கூடாது என்று சொல்வது எளிது. ஆனால் அந்த ஒரு எண் மூன்று வேறு வேறு கவலைகளுக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. முதலாவது, உடல் பற்றிய கவலை: முதிர்ந்த உடலோடு 18 வயது உடல் மோதுவது சமமான போட்டியா என்பது. இரண்டாவது, இடம் பற்றியது: அணியில் இருக்கும் இடங்கள் எண்ணிக்கையில் குறைவு, மூத்தவர் ஒருவர் நிற்கும் இடத்தில் புதிதாக வந்தவர் நிற்க முடியாது. மூன்றாவது, ஏமாற்று பற்றியது: விளையாட்டுக்காகவே பெயரைப் பதிந்துகொண்டு, ஒரு முதுகலை முடிந்ததும் அடுத்த முதுகலையில் சேர்ந்து, வகுப்பறையின் பக்கமே வராமல் ஆண்டுக்கணக்கில் கல்லூரிக்கு ஆடிக்கொண்டிருப்பவர்கள். இந்த மூன்றாவது வகையினரைப் பற்றி எந்த உடற்கல்வி இயக்குநரிடம் கேட்டாலும் ஒரு கதையாவது சொல்வார். பிறந்த தேதியைக் காட்டும் ஒரு சான்றிதழைப் பார்த்ததும் முடிவு எடுத்துவிடலாம் என்பதுதான் வயது வரம்பின் பெரிய வசதி. நியாயத்தைவிட நிர்வாகத்துக்கே அது அதிகம் உதவுகிறது என்பது என் எண்ணம்.

உடல் பற்றிய வாதத்தை முதலில் பார்க்கலாம், ஏனெனில் பலரும் முதலில் சொல்வது அதைத்தான், ஆனால் மூன்றிலும் வலுக் குறைந்தது அதுவே. உடல் வேறுபாடு ஆட்டத்தைக் கெடுக்கும் இடங்களில் விளையாட்டு உலகம் வயதைப் பார்க்காமல் உடலையே அளக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. குத்துச்சண்டையிலும் ஜூடோவிலும் எடைப் பிரிவுகள் உண்டு. நம் கபடியில் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ என்ற உச்சவரம்பு இருக்கிறது; களத்தில் இறங்குபவர் தராசில் ஏறித்தான் ஆக வேண்டும். மேலும், எந்த வயதில் ஒருவர் உச்சத்தைத் தொடுகிறார் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். நீச்சலில் அது இருபதுகளின் தொடக்கத்திலேயே வந்துவிடலாம். நீண்டதூர ஓட்டத்திலோ இருபதுகளின் பிற்பகுதியும் முப்பதுகளும்தான் பலருக்கு நல்ல காலம். கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் மாரத்தானை முடித்தபோது அவருக்கு வயது 37.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரான கோ. இலட்சுமணன் 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றபோது 27 வயது. அவினாஷ் சாப்ளே 12ஆம் வகுப்புக்குப் பிறகு இராணுவத்தில் சேர்ந்தவர்; தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்துக்கு வந்ததே அங்கு போன பிறகுதான்; 2022 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றபோது அவருக்கும் வயது 27. இருவருமே தங்கள் சிறந்த காலத்தில் இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழக அணிக்கும் ஓடத் தகுதி பெற்றிருக்க முடியாது.

மலைக்கு இது ஏன் முக்கியம் என்றால், நீண்டதூர ஓட்டம்தான் மலைக்கு இயற்கையாகவே வாய்த்த விளையாட்டு. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கின்றன. காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறைந்த இந்த உயரத்தில் வாரக்கணக்கில் தங்கினால் உடல் கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. 2,000 முதல் 2,500 மீட்டர் வரையிலான உயரத்தைத்தான் பயிற்சியாளர்கள் தேடிப் போகிறார்கள். நாட்டின் நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கு உதகையில் பயிற்சி முகாம்கள் நடந்திருப்பது இதனால்தான். வெளியூர்க்காரர்கள் செலவு செய்துகொண்டு வந்து தங்கும் உயரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, அவர் ஓட்டம் பழுக்கத் தொடங்கும் வயதில், கல்லூரிச் சட்டையோடு ஓட முடியாது என்று சொல்கிறோம். தடகளம் முழுவதற்கும் ஒரே எண்ணை வைப்பதன் விளைவு இது. 100 மீட்டருக்கு அது ஒருவேளை பொருந்தலாம்.

25 என்ற எண்ணும் உடலியல் கண்டுபிடித்துத் தந்ததன்று. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் 2017 தைபே போட்டி வரை 28 வயது வரை அனுமதி இருந்தது. டுட்டி சந்த் 100 மீட்டரில் தங்கம் வென்ற 2019 நேப்பிள்ஸ் போட்டியில் அது 25 ஆகக் குறைந்திருந்தது. அடுத்து 2021இல் செங்டுவில் நடக்க வேண்டிய போட்டி கொரோனாவால் 2023க்குத் தள்ளிப்போனபோது, காத்திருந்தவர்கள் வாய்ப்பை இழக்கக் கூடாது என்று வரம்பை 27 ஆக உயர்த்தினார்கள். அது சரியான முடிவு. ஆனால் உலகத்துக்கே பொதுவாக வந்த இழப்புக்கு இரண்டு ஆண்டு திரும்பக் கிடைக்கும் என்றால், ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த இழப்புக்கு ஏன் எதுவும் இல்லை என்று அந்தக் கோத்தகிரிப் பெண் கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு வடிவத்தில், மிகுந்த பணத்தோடும் வழக்குகளோடும் நடந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள விதிகளை விரிவாகப் பார்ப்பது பயன் தரும். என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் பிரிவில் நேரடியான வயது வரம்பு கிடையாது. ஒருவர் ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். அன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு போட்டி ஆண்டுகளை அவர் ஆடி முடிக்க வேண்டும். பள்ளி முடித்து ஓராண்டுக்குள் கல்லூரிக்கு வராதவர், அந்த ஓராண்டுக்குப் பிறகு ஒழுங்குபடுத்தப்பட்ட போட்டிகளில் ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு போட்டி ஆண்டை இழப்பார். டென்னிசில் அந்தச் சலுகைக் காலம் நெடுங்காலம் ஆறே மாதமாக இருந்தது. ஆண்கள் ஐஸ் ஹாக்கியிலோ 21 வயது வரை இளையோர் அணிகளில் ஆடிவிட்டு வரலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பள்ளி முடித்துக் கல்லூரிக்கு வருவதற்கு முன் ஒருவர் கடையில் வேலை பார்த்தாரா, போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தாரா என்று அந்த விதி கேட்கிறது. கடையில் இருந்தவருக்கு எதுவும் கழிவதில்லை. அவர் பிறந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைவிட, விளையாட்டில் எத்தனை ஆண்டு கழிந்தது என்பதே அங்கே கணக்கு. நம் பெண் அங்கே இருந்திருந்தால், திருப்பூரில் கழித்த ஏழு ஆண்டுகளும் அவர் கணக்கில் ஏறியிருக்காது. நான்கு போட்டி ஆண்டுகளும் முழுதாகக் கிடைத்திருக்கும்.

அதற்காக அங்குள்ள முறையைக் குறையற்றது என்று கொண்டாடவும் முடியாது. கிறிஸ் வைங்கி ஆறு ஆண்டுகள் தொழில்முறை பேஸ்பால் அமைப்பில் ஆடிவிட்டு வந்து, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடி, 2000ஆம் ஆண்டு 28 வயதில், கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருதைப் பெற்றார். அதே பேஸ்பால் பாதையில் வந்த பிராண்டன் வீடன் 2011இல் ஒக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆடும்போது அவருக்கும் 28. வேறு விளையாட்டு என்பதால் கால்பந்துக் கணக்கில் அவர்களுக்கு எதுவும் கழியவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு, பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் சூழ, ஒரு விளையாட்டு வீரராகவே கழித்த ஆண்டுகளையும், நின்றுகொண்டே துணி வெட்டிய ஆண்டுகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எதிர்த்து ஆடிய 19 வயதுப் பையன்களின் முணுமுணுப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

அங்குள்ள விலக்குகள் இன்னும் சுவையானவை. இராணுவப் பணி, அரசு அங்கீகரித்த வெளிநாட்டுச் சேவை, திருச்சபையின் அதிகாரபூர்வ ஊழியம் ஆகியவற்றில் கழித்த காலம் ஐந்து ஆண்டுக் கடிகாரத்தில் சேராது. மார்மன் திருச்சபையைச் சேர்ந்த பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர்கள் பலர் இரண்டு ஆண்டு ஊழியத்துக்குப் போய்விட்டு வருவதால் அந்த அணியின் சராசரி வயது கூடுதலாக இருப்பதும், எதிரணிகள் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதும் பழைய கதை. பெண்களுக்குக் கருவுற்ற காரணத்தால் ஓராண்டு நீட்டிக்கவும் இடம் உண்டு. எந்தக் காரணத்தால் இழந்த ஆண்டுக்கு மரியாதை, எதற்கு இல்லை என்பதில் ஒரு சமூகம் தன்னைக் காட்டிக்கொள்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு அப்பாவின் உடல்நிலைக்காகவோ தம்பியின் படிப்புக்காகவோ இரண்டு ஆண்டு வேலைக்குப் போனவர் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை.

வயதைச் சுற்றி எழுதப்பட்ட விதி ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் மேலேயே போய் விழலாம் என்பதற்கும் அங்கே சான்று இருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்குப் பெயர்பெற்ற ஹோவர்டு பல்கலைக்கழகம் 1971இல் கால்பந்துப் பட்டத்தை (நாம் ஆடும் கால்பந்து, அங்கே சாக்கர்) வென்றது. ஆட்டக்காரர் சிலருக்குத் தகுதி இல்லை என்று பட்டம் பறிக்கப்பட்டது. 19 வயதுக்குப் பிறகு வெளிநாட்டில் ஆடிய ஒவ்வோர் ஆண்டையும் கழிக்கும் விதி அன்று இருந்தது. அதே வயதில் உள்நாட்டில் ஆடிவிட்டு வந்தவருக்கு அப்படிக் கழிக்கவில்லை. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி பாகுபாடானது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஹோவர்டு ஒரு தோல்வியும் இல்லாமல் மறுபடியும் பட்டத்தை வென்றிருந்தது.

அண்மைக் காலத்தில் வழக்குகளின் திசை மாறிவிட்டது. வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் ஆனபிறகு, கூடுதலாக ஓர் ஆண்டு என்பது கூடுதலாக ஒரு பெருந்தொகை. டியேகோ பாவியா என்ற வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர், இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிய காலத்தைத் தன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வழக்குத் தொடுத்து, 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை பெற்றார். அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் அடுத்த ஆண்டுக்கு விலக்குக் கிடைத்தது. பணம் குறைந்த மூன்றாம் பிரிவில் இந்தச் சச்சரவு இல்லை. அங்கே நாட்காட்டி ஓடுவதில்லை. படித்த பருவங்களை மட்டும் எண்ணி, பத்துப் பருவம் வரை ஆடலாம். அதனால்தான் மைக் பிளின்ட் என்பவர் 2007இல் 59 வயதில் டெக்சாசில் தன் பழைய கல்லூரிக்கே திரும்பி வந்து விட்ட ஆட்டத்தை ஆடி முடிக்க முடிந்தது.

திரும்ப மலைக்கு வருவோம். இங்கே பணம் அப்படி இல்லை, ஆனால் பரிசு உண்டு. ரயில்வே போன்றவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியின் பதக்கத்துக்கு மதிப்பு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையின் பொதுப்பிரிவில் 35 வயது வரை ஓடலாம் என்றேனே, நம் பெண் 26 வயதில் அங்கே ஓடலாம். ஆனால் அவர் கல்லூரியின் பெயரிலும் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் ஓட முடியாது, அந்த வழி போகும் அகில இந்தியச் சான்றிதழும் கிடைக்காது. வேலை தரும் அரசோ வயதைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாக இல்லை. 2023ஆம் ஆண்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பொதுப்பிரிவினருக்கு 26, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37 என்று வரம்பு இருந்தது. அதுவும் உடல்திறனைச் சோதிக்கும் தேர்வுதான். ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடிக் காட்ட வேண்டும். தாமதமாக வருபவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பதை அந்த அட்டவணை புரிந்துகொண்டிருக்கிறது. கல்லூரி விளையாட்டின் தகுதிப் படிவத்துக்கு அந்தப் புரிதல் இல்லை: கூடலூர்ப் பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து இடையில் படிப்பை விட்டுப் பிறகு வந்த முதல் தலைமுறை மாணவருக்கும், பட்டணத்தில் ஒரு நாளும் இடைவெளி இல்லாமல் படித்து வந்தவருக்கும் அதில் ஒரே கட்டம்.

பிறந்த தேதி என்பதே சில வீடுகளில் உறுதியற்ற பொருள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று எழுதிப் பள்ளியில் சேர்த்த காலம் மலையில் வெகுகாலம் முந்தியதன்று. அப்படி எழுதிய தேதியில் ஜூலை 1க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஓர் ஆண்டு ஓட்டம் தீர்மானமாகிறது.

பெண்களின் நிலை தனியே சொல்லத் தக்கது. கொடைக்கானலில் 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்ததன் நோக்கமே, எட்டாத உயரத்தில் இருந்த படிப்பைப் பெண்களுக்கு எட்டச் செய்வது. திருமணமாகி, ஒரு குழந்தையைப் பெற்று, அது பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் படிக்க வரும் பெண் 25ஐத் தாண்டியிருப்பார் என்பது கூட்டிப் பார்த்தாலே தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த மதிப்பெண் வங்கித் திட்டம், ஒருவர் ஈட்டிய படிப்புப் புள்ளிகளை ஏழு ஆண்டுகள் வரை வைத்திருந்து திரும்ப வந்து படிப்பைத் தொடரலாம் என்கிறது. புதிய கல்விக் கொள்கையோடு வந்தது என்பதால் தமிழ்நாட்டில் அதன்மேல் எதிர்ப்பு இருந்தாலும், திரும்பி வருபவருக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவர் மைதானத்துக்கும் வருவார் என்று மட்டும் யாரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இடம் பற்றிய இரண்டாவது கவலைதான் உண்மையில் கனமானது. 27 வயதுக்காரர் கைப்பந்து அணியில் ஆறு பேரில் ஒருவராக நின்றால், 18 வயதுக்காரர் ஒருவர் வெளியே நிற்கிறார். அவரும் ஏழை வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். இந்தக் கவலைக்கு வயதைவிட நேரான அளவுகோல், ஒருவர் கல்லூரிப் போட்டிகளில் ஏற்கெனவே எத்தனை ஆண்டு ஆடியிருக்கிறார் என்பது. ஆளுக்கு ஐந்து போட்டி ஆண்டுகள், எந்த வயதில் ஆடினாலும் சரி என்று வைத்தால், மூத்தவரும் இளையவரும் ஒரே பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். படிப்பு மாற்றிப் படிப்பு மாற்றி ஆடிக்கொண்டிருப்பவரை இந்த எண்ணிக்கை வயது வரம்பைவிட முன்னதாகவே நிறுத்திவிடும், ஏனெனில் 17 வயதில் தொடங்கியவர் 22இல் முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வெளியே தொழில்முறையாகவோ பதிவு பெற்ற சங்க அணிகளிலோ ஆடிய ஆண்டுகளைக் கழித்துக்கொள்வதும் நியாயமே. வைங்கியின் கதை அதற்காகத்தான்.

டெல்லியில் இருக்கும் அந்தச் சங்கத்தின் விதி மாறும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இணைப்புக் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் போட்டிகள்; நீலகிரிக் கல்லூரிகளுக்கு அது கோயம்புத்தூரில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கழகம். அந்தப் போட்டிகளே பல்கலைக்கழக அணிக்கான தேர்வாகவும் இருப்பதால் ஒரு சிக்கல் உண்டு: வென்ற அணியில் 27 வயதுக்காரர் இருந்தால் அகில இந்தியப் போட்டிக்கு அவருக்குப் பதில் ஆள் தேட வேண்டும். குழு ஆட்டங்களில் அணிக்கு ஒருவர் என்று கட்டுப்படுத்தினால் அது சமாளிக்கக் கூடியதே. தனிநபர் ஓட்டங்களில் அந்தச் சிக்கலும் பெரிதன்று. முதலில் வந்தவருக்குப் பதக்கத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்து வந்தவரைப் பல்கலைக்கழக அணிக்கு அனுப்பலாம். 5,000 மீட்டர், 10,000 மீட்டர், குறுக்கு நில ஓட்டம் ஆகியவற்றில் இடம் பறிபோகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது நான் பார்த்த வரையில். பெண்கள் பிரிவில் பல கல்லூரிகள் அந்த ஓட்டங்களுக்கு அனுப்பக் கூடிய இரண்டு பேரைக் கூட நிரப்புவதில்லை.